வரைந்த கையும் செய்த கையும்

அழகிய பொருளொன்றைக் கண்டவுடன் "இதை யார் செய்தது?" என்று வினவுதல் மக்கள் இயல்பு. ஆனால் அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் பணம் ஈந்தவன் பெயராகவோ, படம் எழுதிக் கொடுத்தவன் பெயராகவோ இருக்கின்றதேயன்றி, சூட்டிலும் புழுதியிலும் நின்று அதனைச் செய்து முடித்தவன் பெயராக இருத்தல் அரிது. கோபுரமாயினும் பாலமாயினும் இதுவே வழக்கமாக இருந்து வருகின்றது. இவ்வழக்கம் கலைக்கு என்ன தீங்கு செய்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட பொருள், மேல்நாட்டுத் தேவாலயங்களிலும் கல்விக்கூடங்களிலும் விளங்கும் வண்ணக்கண்ணாடிச் சாளரம்.

நகரத்துப் பழைய தேவாலயங்களுள் நுழைந்த நேயர்கள் இதனைக் கண்டிருப்பர். வெளியிலிருந்து பார்த்தால் கறுத்த கண்ணாடியும் ஈயக்கோடுகளுமே தெரியும். உள்ளே சென்று திரும்பி நோக்கினால் நீலமும் சிவப்பும் பொன்னிறமும் சுடர்விடும். அதிற் காணும் கதை கிறிஸ்து மதத்தாருடையது. மதவாதம் நமக்கு இங்கு நோக்கமன்று. கைத்தொழிலாகவும் கலையாகவும் அதனை மதிப்பிடுவதே நம் வேலை. நம் கட்சி யாதெனின்: வரைபவனும் செய்பவனும் ஒருவர் தொழிலை ஒருவர் அறிந்து மதித்த காலத்தில் இக்கலை ஓங்கிற்று, செய்பவனை வெறும் ஏவலாளாக வரைபவன் எண்ணிய காலத்தில் தாழ்ந்தது, அவ்வெண்ணம் மாறிய பின்னரே மீண்டும் எழுந்தது.

செய்முறை

முதலில் இக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். சுவரோவியத்தின்மீது வெளிச்சம் விழுந்து நம் கண்ணுக்குத் திரும்புகிறது. சாளரத்திலோ வெளிச்சம் கண்ணாடியினூடே புகுந்து வருகிறது. ஆதலின் அங்கு முதன்மையான வண்ணம் மேலே பூசிய பூச்சன்று. கண்ணாடி உருகிக் குழம்பாயிருக்கும்போதே அதனுட் கலந்த உலோகச் சத்தாகும். கோபால்ட்டு நீலத்தைத் தரும். மாங்கனீசு ஊதாவைத் தரும். செம்பு, உலைத்தீயின் நிலைக்கேற்பப் பச்சையையோ சிவப்பையோ தரும். செம்பினால் வரும் சிவப்பு மிகவும் அழுத்தமானது. தகடு முழுவதையும் அதனாலேயே செய்தால் ஒளி புகாமல் கரியதாய்த் தோன்றும். அதுபற்றியே பழைய தொழிலாளர் நிறமற்ற கண்ணாடியின்மேல் சிவப்பை மெல்லிய தோல்போல் படியவைத்தனர். இந்நுட்பம் உலைக்களத்தில் நின்றவர் கண்டறிந்தது, ஏட்டறிவினால் வந்ததன்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோபிலஸ் என்னும் புனைபெயர் பூண்ட துறவி ஒருவர் கைத்தொழில்களைப் பற்றி இலத்தீன் மொழியில் நூலொன்று இயற்றினார். அதன் இரண்டாம் பாகம் கண்ணாடித் தொழிலைக் கூறுவது. மரச்சாம்பல் இரண்டு பங்கும் மணல் ஒரு பங்கும் கலந்து உருக்குதல் வேண்டும் என்கிறார். பிறகு வெள்ளை பூசிய மரப்பலகையின்மேல் சாளரத்தின் அளவிலேயே படத்தை வரைந்து, கண்ணாடித் துண்டுகளை அதன்மேல் வைத்துக் குறித்து, காய்ச்சிய இரும்பினால் பிளந்து, ஓரங்களை இரும்புக் கருவியால் கொறித்துச் சரிப்படுத்தும் வகையைச் சொல்கிறார். முகம், விரல், ஆடைமடிப்பு ஆகியவற்றை உலோகத்தூளும் கண்ணாடித்தூளும் குழைத்த கருமையால் எழுதிச் சூளையில் சுடுவதும், துண்டுகளை ஈயப்பட்டைகளால் கோத்துப் பற்றாசு வைத்து இணைப்பதும் அதற்குப் பின்னர் வருகின்றன. தாம் கற்ற தொழிலை ஒளித்து வைப்பது குற்றம் என்று அவர் தம் முன்னுரையில் கண்டிப்பது நம் காலத்தாரும் சிந்திக்கத்தக்கது. மறைத்து வைத்து மாண்டுபோன வித்தைகள் நம் நாட்டிலும் பல.

இச்செய்முறையில் ஓர் உண்மை புலப்படுகிறது. சாளரத்திலுள்ள கரிய கோடுகளுட் பெரும்பாலன ஈயம். ஈயம் கண்ணாடியைத் தாங்குகிறது; அதே வேளையில் படத்திற்குக் கோடாகவும் நிற்கிறது. உட்புறம் ஆழமாக வளைந்த துண்டை வெட்ட முயன்றால் கண்ணாடி தன் விருப்பப்படி பிளந்துவிடும். காற்றின் அழுத்தத்தைத் தாங்கக் குறுக்கே இரும்புக் கம்பிகள் வேண்டும். அவை ஒரு முகத்தின் நடுவே போகாதபடி முன்னரே எண்ணுதல் வேண்டும். ஆகவே கண்ணாடி எங்கே உடையும், ஈயம் எவ்வளவு வளையும், சூளையில் எந்தக் கறுப்பு வெளிறும் என்பவற்றை அறியாதவன் சாளரத்திற்குப் படம் வரைதல், மரத்தின் பட்டையைத் தொட்டறியாதவன் பால் வெட்டக் கற்பிப்பதையே ஒக்கும்.

சார்த்தர் நகரத்துச் சாளரங்கள்

இக்கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் பிரான்சு தேசத்துச் சார்த்தர் நகரத்தின் பேராலயத்தை நோக்குக. கி. பி. 1194-ல் அங்கு நேர்ந்த பெருந்தீயில் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. மேற்குப் பக்கத்து மூன்று சாளரங்கள் தப்பின. மற்றவற்றுட் பெரும்பாலன அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டவை. இன்றும் ஏறத்தாழ 2,600 சதுர மீட்டர் கண்ணாடி அங்கே உண்டு. 1939-ல் போர் சூழ்ந்தபோது அவற்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் காப்பாற்றினர். ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தைய கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கழற்றவும் மீண்டும் மாட்டவும் இயன்றது, முன்னோர் ஈயத்தில் கோத்த முறையின் நன்மையால் என்க.

அச்சாளரங்களில் உருவங்கள் சிறியன. முகங்களில் நயமான நிழல் இல்லை. மரமென்றால் சில இலைகள், நகரமென்றால் ஒரு வாயில், அவ்வளவே. எண்ணெய் ஓவியத்திற் பழகிய கண்ணுக்கு இவை குழந்தைகளின் படம்போல் தோன்றலாம். ஆனால் தொழிலறிந்து நோக்குமிடத்து ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. நீலம் தன் எல்லையைக் கடந்து பரவித் தோன்றும் இயல்புடையது. அதனை அடக்கச் சிவப்பையும் வெண்புள்ளிகளையும் கருங்கோடுகளையும் இடையிடையே வைத்தனர். உயரத்திலுள்ள சாளரங்களில் உருவங்களைப் பெரிதாக்கினர். தாழ்ந்தவற்றில் கதைகளைச் சிறு வட்டங்களாக வகுத்தனர். நிழல் தீட்டினால் ஒளி குறையும், ஆதலின் தீட்டவில்லை. குறையென்று நாம் நினைப்பது அவர்கள் தெரிந்து விட்ட விலக்கேயாகும்.

நம்மவர் கவனத்திற்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. அங்குள்ள சாளரங்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் உழைப்பாளிகளின் உருவங்கள் காணப்படுகின்றன. அப்பம் விற்போர், செருப்புத் தைப்போர், தண்ணீர் சுமப்போர், தோலாடை விற்போர், சக்கரம் செய்யும் தச்சர், கல்தச்சர் ஆகியோர் தத்தம் தொழிலில் ஈடுபட்டபடியே நிற்கின்றனர். நோவாவின் கதை கூறும் சாளரத்தின் அடியில் மரவேலைக்காரரை வைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்! கப்பல் கட்டிய கதைக்குக் கோடரி பிடித்தவனே சாட்சி.

இவ்வுருவங்களைக் கொண்டு, அத்தொழிலாளர் சங்கங்களே மனமுவந்து பணம் கொடுத்தன என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆராய்ச்சியாளர் சிலர் இதனை ஐயுற்றனர். ஆலய அதிகாரிகளின் கீழ் வரியும் கட்டுப்பாடும் சுமந்த அம்மக்கள், அதிகாரிகள் விரும்பிய வண்ணம் அங்கே காட்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நாம் இவ்வையத்தைத் தள்ளிவிடல் ஆகாது. உழைப்பவன் உருவத்தைச் சுவரில் எழுதுவது வேறு. அவனுக்கு உரிமை கொடுப்பது வேறு. எனினும் அரசனும் குருவும் நிற்கும் இடத்திலேயே அப்பக்கடைக்காரனும் நிற்கிறான் என்பதையும் மறுத்தற்கில்லை. அவனுடைய கூடையைப் பார்த்து எழுதிய கை, கூடை சுமப்பவனை அறிந்த கையே.

செய்தவர் பெயர் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. சார்த்தர் நகரத்துக் கிளெமெண்டு என்னும் கண்ணாடித் தொழிலாளி ருவான் நகரத்துப் பேராலயச் சாளரமொன்றில் "நான் செய்தேன்" என்னும் பொருள்படத் தன் பெயரைப் பொறித்துள்ளான். ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டைன் மடத்துக்கெனப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்த கண்ணாடியில் கெர்லாக்கஸ் என்பவன் கையில் தூரிகையுடன் தன் உருவத்தையே எழுதி, தனக்கு அருள்புரியுமாறு இறைவனை வேண்டுகிறான். இங்கிலாந்தில் வின்செஸ்டர் கல்லூரிக்குப் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் செய்த பெருஞ்சாளரத்தின் அடியில் கல்தச்சர், மரத்தச்சர், கட்டட வேலையைக் கணக்கிட்ட எழுத்தர், கண்ணாடித் தொழிலாளி தாமஸ் ஆகிய நால்வரும் இடம் பெற்றனர். தோட்டத்துக் கிராணி வேலையில் பெயரேட்டோடு வாழும் நமக்கு, கணக்கெழுதியவனும் கல் செதுக்கியவனும் ஒரே வரிசையில் நிற்கும் இக்காட்சி பெருமகிழ்ச்சி தருவது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழுதுபார்க்க எடுத்துச் சென்ற அக்கண்ணாடி திரும்பி வரவில்லை, நகலொன்றே மாட்டப்பட்டது. தாமஸின் கைப்பட்ட கண்ணாடியிற் சில துண்டுகளே பிற்காலத்தில் அக்கல்லூரிக்கு மீண்டன.

பேரோவியன் செய்த பிழை

இனித் தாழ்ச்சியைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டு முதல் கண்ணாடியை ஓவியத்துணிபோல் எண்ணும் பழக்கம் வளர்ந்தது. நிறமற்ற கண்ணாடிச் சதுரங்களின்மேல் வண்ணப்பூச்சைத் தடவிச் சுட்டுவிட்டால் ஈயக்கோட்டின் தொல்லையின்றி எதையும் எழுதலாம் என்று கருதினர். இப்போக்கின் எல்லையாக விளங்குவது ஆக்ஸ்போர்டு நகரத்து நியூ காலேஜ் ஆலயத்தின் மேற்குச் சாளரம். இங்கிலாந்தின் தலைசிறந்த ஓவியராகப் போற்றப்பட்ட சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அதற்கு எண்ணெய் வண்ணத்தில் படங்கள் எழுதிக் கொடுத்தார். தாமஸ் ஜெர்வெய்ஸ் என்பவர் அவற்றைக் கண்ணாடியில் ஏற்றினார். 1778 முதல் சில ஆண்டுகள் நடந்த வேலை அது.

முடிவு யாது? எண்ணெய் ஓவியத்தில் மென்மையாய்த் தோன்றிய நிழல்கள் கண்ணாடியில் ஒளியை மறைக்கும் அழுக்காயின. வண்ணங்கள் சோபையிழந்தன. ஹொரேஸ் வால்போல் முதலிய அக்காலத்து இரசிகரே அதனைக் குறைகூறினர். ரெனால்ட்ஸுக்கும் அது மனநிறைவு தரவில்லை. அச்சாளரத்தில் இயேசுவின் பிறப்புக் காட்சியில் ஆட்டிடையர் இருவராக ரெனால்ட்ஸும் ஜெர்வெய்ஸும் காட்டப்பட்டுள்ளனர். இருவரும் அருகருகே நிற்பது உருவத்தில் மட்டுந்தான். தொழிலில் அவர்கள் நிற்கவில்லை. ரெனால்ட்ஸின் திறமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு பொருளில் மேதையாயிருப்பவன் அதனாலேயே மற்றொரு பொருளை ஆளலாம் என்ற செருக்கைக் கண்ணாடி பொறுக்கவில்லை. சார்த்தரின் பெயரறியாத் தொழிலாளிக்குத் தெரிந்த ஒன்று இப்பேரோவியருக்குத் தெரிந்திலது.

மறுமலர்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விழிப்பு உண்டாயிற்று. சார்லஸ் வின்ஸ்டன் என்னும் வழக்கறிஞர் பழைய சாளரங்களை ஊரூராய்ச் சென்று ஆராய்ந்து 1847-ல் நூல் வெளியிட்டார். பழங்கண்ணாடியை இரசாயன முறையில் பிரித்துப் பார்க்கச் செய்து, அதனை ஒத்த கண்ணாடியை மீண்டும் வார்க்கவும் வழிகோலினார். 1861-ல் வில்லியம் மாரிஸ் தம் நண்பரோடு தொழிலகம் நிறுவினார். எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் உருவங்களை வரைய, வண்ணங்களையும் ஈயக்கோடுகளையும் பெரும்பாலும் மாரிஸ் தேர்ந்தார். பர்மிங்ஹாம் நகரத்து செயிண்டு பிலிப் ஆலயத்தில் 1885 முதல் 1897 வரை அவர்கள் தொழிலகம் அமைத்த நான்கு சாளரங்கள் இவ்வொற்றுமையின் சிறந்த பயன். அங்கே ஈயக்கோடு ஆடையின் அலையோடு அலையாய் ஓடுகிறது.

ஆனால் நம் விமரிசனம் இங்கும் ஓயலாகாது. தொழிலாளர் உரிமைக்காக மேடையேறிப் பேசியவர் மாரிஸ். அவர் தொழிலகத்திலோ துண்டு வெட்டியவனும் முகம் எழுதிச் சுட்டவனும் கூலியாட்களாகவே இருந்தனர். பாராட்டு இருவருக்கே போயிற்று. கொள்கை உயர்ந்தது, நடைமுறை பாதிவழியில் நின்றது என்பதே நம் தீர்ப்பு.

மீதி வழியை நடந்தவர் கிறிஸ்டபர் வால் (1849–1924). தாம் வரைந்த படங்கள் பிறர் கையில் உயிரிழப்பதைக் கண்டு, வெட்டுதல், எழுதுதல், சுடுதல், ஈயம் கோத்தல் யாவற்றையும் அவர் தாமே கற்றார். 1905-ல் வெளியிட்ட தம் நூலில் அத்தொழிலை மாணவருக்குத் தெளிவாய் உரைத்தார். அவர் விரும்பிக் கையாண்ட கண்ணாடி, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பது. ஒரே துண்டிலேயே வண்ணம் அடர்ந்தும் நெகிழ்ந்தும் தோன்றும். எத்துண்டின் எப்பகுதியை எங்கே வைப்பது என்பதைக் கண்ணாடியை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தாலன்றி முடிவு செய்ய இயலாது. வரைபவன் பட்டறைக்குள் வரவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இச்சீர்திருத்தத்தால் பெண்மக்களுக்கும் கதவு திறந்தது. மேரி லவுண்ட்ஸ் அம்மையார் ஆல்பிரடு ட்ரூரி என்பவரோடு கூடி, 1906-ல் லண்டன் புல்லம் பகுதியில் கண்ணாடிப் பட்டறை கட்டினார். சொந்தப் பட்டறையில்லாத கலைஞர் அங்கே வந்து தம் வேலையைத் தாமே மேற்பார்த்துச் செய்தனர். அவருட் பெண்கள் பலர். பெண்கள் வாக்குரிமைக் கிளர்ச்சிக்குக் கொடிகள் தீட்டியவரும் இவ்வம்மையாரே. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1903-ல் சாரா பர்சர் அம்மையார் நிறுவிய பட்டறையில், ஒரு சாளரத்தை ஏற்றவரே அதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தல் வேண்டும் என்பது கொள்கை. அங்கு பயின்ற வில்ஹெல்மினா கெடீஸ், முதல் மகாயுத்தத்தில் இறந்தோர் நினைவாகக் கானடாவின் ஒட்டாவா நகரத்திற்கு 1919-ல் செய்து முடித்த சாளரம் உலகப் புகழ் பெற்றது. இக்கலைக்குப் பெண்ணின் கை தகாது என்று சொன்னவர் வாயடைக்க அதுவொன்றே போதும்.

ஒரு மறுப்பும் விடையும்

"ஒருவனே எல்லாம் செய்தல் வேண்டுமென்றால் பெரிய வேலை எப்படி நடக்கும்? சார்த்தரிலும் பலர் கூடித்தானே செய்தனர்?" என்று கேட்பாருண்டு. கேள்வி நியாயமானதே. ஒருவனே எல்லாவற்றையும் செய்தல் வேண்டுமென்பது நம் கட்சியன்று. அறிவு ஒருவனிடமும் உழைப்பு மற்றவனிடமும் பிரிந்து நிற்கலாகாது என்பதே நாம் கூறுவது. இங்கிலாந்தின் காவெண்ட்ரி நகரத்துப் பேராலயம் 1940-ல் குண்டுவீச்சால் அழிந்து, புதிய ஆலயம் 1962-ல் திறக்கப்பட்டது. அதன் ஞானஸ்நானப் பகுதியிலுள்ள பெருஞ்சாளரத்தை ஜான் பைப்பர் வரைந்தார். பாட்ரிக் ரெயின்டியன்ஸ் செய்தார். ரெயின்டியன்ஸ் தாமும் கலைஞர்; பைப்பரின் எண்ணத்தைக் கண்ணாடியின் மொழியில் பெயர்த்தவர். ஆகவேதான் அச்சாளரத்தைப் பற்றிப் பேசுவோர் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர். வேலையைப் பங்கிடுவதால் கலை கெடுவதில்லை. மதிப்பைப் பங்கிட மறுப்பதால் கெடுகிறது.

சிங்கப்பூர்ச் சுவரும் சாளரமும்

இது தொலைதேசத்துக் கதையாகவே முடியவேண்டுவதில்லை. சிங்கப்பூரில் செயிண்டு ஆண்ட்ரூ பேராலயம் நிற்கிறது. 1856-ல் அடிக்கல் நாட்டி 1862-ல் அர்ப்பணிக்கப்பட்ட அக்கட்டடத்தைத் திட்டமிட்டவர் கர்னல் மக்பர்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்தாரும் அவருட் சேர்ந்தவர். அச்சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்த சாந்து பூசினார்கள். 'சுண்ணம்' என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'சுனம்' என்று வழங்கலாயிற்று. பூச்சு ஆறியபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றுவது நம் நாட்டுக் கொத்தர் அறிந்த கைத்திறன்.

அவ்வாலயத்தின் கீழ்ப்புறத்து மூன்று சாளரங்கள் ராபிள்ஸ், கிராபர்டு, பட்டர்வொர்த் என்னும் மூன்று ஆட்சியாளரின் நினைவுக்கு உரியவை. ஒளி வரும் இடத்தில் ஆண்டவர் பெயர். ஒளியைத் தாங்கும் சுவரிலோ கட்டியவர் கை மட்டும். அவர்கள் குற்றவாளிகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் குற்றத்திற்குத் தண்டனை விதித்த ஏட்டில் அவர்கள் பெயர் எழுதப்பட்டதன்றோ? தண்டிக்கும்போது வேண்டியிருந்த பெயர், சுவர் எழும்பிய பின் வேண்டாததாயிற்று. சார்த்தரில் தண்ணீர் சுமந்தவனுக்குக் கண்ணாடியில் இடம் கிடைத்தது, நம்மவனுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் சொல் மொழியில் ஏறியது, பெயர் சாளரத்தில் ஏறவில்லை.

ஆங்கிலக் கல்வி பெற்றுத் தோட்டத்தில் எழுதுகோல் பிடிக்கும் நம் போன்றோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாள்தோறும் நாம் எழுதும் ஏட்டில் ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு. மாத முடிவில் மேலிடத்துக்குச் செல்லும் அறிக்கையில் பெயர்கள் மறைந்து எடையும் எண்ணும் மட்டுமே நிற்கும். எழுதுகிறவன் உயர்ந்தவன், வெட்டுகிறவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் இவ்வாறே நாளடைவில் ஊறிவிடுகிறது. ரெனால்ட்ஸைக் கெடுத்தது இவ்வெண்ணமே. படித்த பிள்ளை பட்டறைப் பக்கம் போகலாகாது என்று தடுக்கும் பெற்றோரும், கைவேலை செய்பவன் புத்தகம் தொடவேண்டுவதில்லை என்று எண்ணும் பெரியோரும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். நம் பிள்ளைகளுள் வரைய வல்லார் பலர் உளர். செய்ய வல்லாரும் உளர். இரண்டையும் ஒருசேரக் கற்கும் வாய்ப்பையே நாம் அவர்களுக்குத் தேடித்தர வேண்டும்.

நேயர்கள் இனி ஒரு வண்ணச்சாளரத்தின் முன் நிற்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். இதற்குப் பணம் தந்தவர் யார்? இதனை வரைந்தவர் கண்ணாடியை அறிந்தவரா? இதனை வெட்டிச் சுட்டுக் கோத்தவர் பெயர் எங்கே? முதற்கேள்விக்கு விடை பெரும்பாலும் சாளரத்திலேயே எழுதியிருக்கும். இரண்டாவதற்கு விடையை ஈயக்கோடுகளே கூறும். மூன்றாவதற்கு விடை கிடைக்காத இடங்களில், தேடி எழுதும் கடமை ஏடு பிடித்த நம் கையில் இருக்கிறது.